டோக்கன் அண்ணன் கழற்றி வைத்த ஷூ

ஜெர்மனி முழுவதிலும் எந்த வாசலையும் ஷூவோடு தாண்டாத ஆசாமி ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் டிரெஸ்டனில் எங்கள் ஹாஸ்டலில் இருந்த டோக்கன் அண்ணன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

டிரெஸ்டனுக்கு வந்த முதல் வாரமே பல்கலைக்கழக நூலக வாசலில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய், கவுண்டரில் இருந்த பெண்ணிடம் டோக்கன் கேட்டாராம். நம் ஊர்க் கோயில்களில் செருப்பை வாங்கிக்கொண்டு தருவார்களே, அந்த டோக்கன். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. விசா அலுவலகத்தில் அதிகாரி அறைக்கு வெளியே கழற்றிவிட்டு, சாக்ஸோடு உள்ளே போய்க் கும்பிட்டிருக்கிறார். அந்த அம்மாள் பதறி எழுந்து நின்றுவிட்டாராம். பாங்க், பல் டாக்டர், முடிவெட்டும் கடை என்று அவர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பனிக்காலத்தில்கூட மாற மாட்டார். கேட்டால், "நாலு பேர் மரியாதையா நடமாடுற இடம் தம்பி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வசந்த கால ஞாயிறு. அண்ணன் டாக்டர் பட்டம் வாங்கி முடித்திருந்தார், வேலைதான் கிடைக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் விசா முடிகிறது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் இன்டர்வியூ. அது போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதற்கென்றே ஒரு கறுப்பு ஷூ வாங்கியிருந்தார். பழக்கினால் காலைக் கடிக்காது என்று, நாங்கள் கிளம்பிய பூங்காவுக்கு அதையே போட்டுக்கொண்டு வந்தார். பழையதைத் தூக்கிப் போட்டாயிற்று. அவருக்குப் பள்ளிக்கூடப் பையன் பாதம், ஹாஸ்டலில் வேறு யாருடைய ஷூவும் சேராது.

எங்களோடு வந்தவள் ரஜனி. யாழ்ப்பாணத்து அப்பா அம்மாவுக்கு பான் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் மூவரில் ஜெர்மன் ஒழுங்காகத் தெரிந்தவள் அவள்தான். பூங்கா என்றால் நம் ஊர் முனிசிபல் பார்க் அல்ல. காடு, காட்டுக்குள் நடைபாதைகள், பழைய பிரபுக்கள் வாழ்ந்த மாளிகைகள், கத்தரித்து விட்ட தோட்டங்கள். நட்டநடுவில் ஒரு ஏரி, ஏரிக்குள் ஒரு மாளிகை. முன்பக்கம் ஒரு பாலம் வழியாக உள்ளே போய், பின்பக்கம் இன்னொரு பாலம் வழியாகத் தோட்டத்தில் இறங்க வேண்டும். வந்த வழியே திரும்ப விடமாட்டார்கள்.

நானும் ரஜனியும் முன்னால் போய் டிக்கெட் வாங்கினோம். உள்ளே பெரிய கம்பளிச் செருப்புகள் குவித்திருந்தார்கள். மரத்தரை கீறாமல் இருக்க, ஷூவுக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் கட்டில்களையும் பீங்கான்களையும் பார்த்துவிட்டுப் பின்வாசலில் செருப்பைக் கழற்றினோம். அண்ணனும் கழற்றினார். உள்ளே வெறும் கால்.

ஷூ எங்கே என்று கேட்டேன். முன்வாசலில், நடப்பவர்கள் காலில் தட்டுப்படாத இடமாகப் பார்த்துப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். சரளைக் கல்லில் அவர் நொண்டியதைப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது.

முன்பக்கம் வந்ததும் திக்கென்றது. தீயணைப்பு வண்டி, போலீஸ், ஆம்புலன்ஸ், கரை நெடுகக் கூட்டம். ஒருவன் ரப்பர் உடுப்போடு தண்ணீரில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தான். ஏப்ரல் மாதத் தண்ணீர், அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. ரஜனி விசாரிக்க ஓடினாள்.

அண்ணன் அங்கேயே நின்று கைகூப்பினார். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, என்ன கஷ்டமோ என்று முணுமுணுத்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

ரஜனி திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. "ஆரோ ஒருத்தர் தண்ணிக்குள்ள இறங்கிட்டாராம் அண்ணை. பாலத்தடியில ஏரிக்குள்ள இறங்கிற கீழ்ப்படியில சப்பாத்து, சப்பாத்துக்குள்ள மடிச்ச சாக்ஸ், மேல ஒரு தொப்பி. ஆளைக் காணேல்லையாம்."

நான் அண்ணனின் தலையைப் பார்த்தேன். காலையில் இருந்த தொப்பி இல்லை. அவரும் மெல்லத் தலையைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஓர் அதிர்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பாவம், அத்தனை நேரமும் தனக்காகவே அழுதிருக்கிறார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். போலீஸ் கேஸ் என்று ஒன்று ஆனால் விசா கோவிந்தா, ஓடிவிடலாம் என்றேன். ஷூ? ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் ஒரு கடை திறந்திருக்காது. வெறுங்காலோடு இன்டர்வியூவுக்குப் போனாலும் பரவாயில்லை, ஜெயிலுக்குப் போவதைவிட மேல் என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார். அண்ணன் பார்வை அங்கேயே நின்றது.

"மூஞ்சி தெரியாத ஒருத்தனுக்காக அழுதாவ தம்பி. அந்தப் பய வேற தண்ணிக்குள்ள விறைச்சுப் போறான். எப்படிப் போவச் சொல்லுத?"

விறுவிறுவென்று நடந்து போலீஸ்காரர் முன் நின்றார். தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், செத்துப்போனவன் நான்தான் என்று அறிவித்தார்.

போலீஸ்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு சரளைக்கல் கிழித்த காலைப் பார்த்தார். ரஜனி ஓடி வந்து விளக்கினாள்: பெரிய வீட்டுக்குள் செருப்போடு நுழைவது எங்கள் வழக்கமில்லை, இவர் கொஞ்சம் கூடுதல். தண்ணீரிலிருந்து ஏறி வந்தவன் அறையத்தான் போகிறான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் ஈரக் கையுறையோடு அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அழுத அம்மாள் மறுபடியும் அழுதார்.

போலீஸ்காரர் பேர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டு, இனிமேல் தண்ணீர் ஓரத்தில் எதையும் கழற்றக் கூடாது என்று கண்டித்தார். வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். உள்ளே ஷூ, சாக்ஸ், தொப்பி. பையில் நம்பர் எழுதிய ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டை மட்டும் தான் வைத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் ஜெர்மனியில் அவருக்குக் கிடைத்த ஒரே டோக்கன்.

மறுநாள் இன்டர்வியூவுக்குப் போனார், வேலையும் கிடைத்தது. அறை வாசலில் ஷூவைக் கழற்றினீர்களா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சிரிப்பாரே தவிர இன்றுவரை பதில் சொன்னதில்லை.

நான் ஊர் திரும்பி வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் எங்காவது ஒரு வாசலில், உள்ளே சாக்ஸ் மடித்து வைத்த சின்ன அளவு கறுப்பு ஷூ கிடந்தால், உள்ளே இருப்பது யார் என்று எட்டிப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.