லூர்தம்மாள் தோளில் மஞ்சள் சாயம்

வடமதுரை,
24.6.2008

அன்புத் தங்கை வியாகுலம்மாளுக்கு அண்ணன் ஞானதாஸ் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அண்ணி ஜோஸ்பினும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே. திருச்சியில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. ஆகவேதான் கடிதம்.

என் மகளுக்கு நீ பார்த்துச் சொன்ன கீரனூர் சம்பந்தம் கெட்டுப்போயிற்று. கெடுத்தவன் நான்.

பெங்களூரிலிருந்து லீவில் வந்த ஏஞ்சலின், துணிப்பெட்டியோடு நீளமாக இன்னொரு பெட்டியும் கொண்டுவந்தாள். திறந்தால் உள்ளே துப்பாக்கி! உன் அண்ணி ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள். "துப்பாக்கினு சொல்லாதீங்கப்பா, இது மார்க்கர். ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு விளையாடுறது. உள்ள இருந்து பெயிண்ட் உருண்டை வரும். மேல பட்டு உடைஞ்சு சாயம் ஒட்டுனா அவுட்டு, அம்புட்டுத்தான்" என்றாள். அவளுடைய கம்பெனியில் ஒருநாள் எல்லோரையும் கூட்டிப்போய் விளையாட வைத்தார்களாம். அது பிடித்துப்போய், வேலையை விட்டுவிட்டு இதற்கென்றே ஒரு மைதானம் போடப்போகிறாளாம். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தும் எனக்கு இது விளங்கவில்லை. மேலே டப்பாவில் உருண்டை, பின்னால் காற்றடைத்த சிலிண்டர், குழாயின் வாயில் எப்போதும் துணி உறை, முகமூடி போடாமல் யாரும் எதிரே நிற்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அது பட்டுவிடக் கூடாதே என்று, ஏஞ்சலின் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது அதைக் கழற்றி மறைக்கப் பின்கட்டுக்கு எடுத்துப் போனேன். டப்பாவைக் கழற்றினேன். சிலிண்டரையும் திருகி எடுத்தேன். உறை பெட்டிக்குள் அடங்கவில்லை என்று அதையும் உருவினேன். இனி இதில் என்ன இருக்கிறது, காலிதானே என்று விசையை அழுத்திப் பார்த்தேன். சிலிண்டரை எடுத்த பிறகும் உள்ளே ஒரு மூச்சுக் காற்று மிச்சமிருக்குமாம், ஒரு உருண்டையும் தங்கியிருக்குமாம். பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்தேகாலுக்கே வந்து, முன்தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்ததால் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். முதலில் வந்தது மாப்பிள்ளையின் தாயார் லூர்தம்மாள். சந்தன நிறப் பட்டுச்சேலையின் தோளில் பட்டென்று மஞ்சள் வெடித்தது.

தங்கச்சி, ஒரு சாண் மேலே போயிருந்தால் கண். அந்தம்மாள் கத்தவில்லை. தோளைப் பிடித்தபடி துவைக்கல்லில் உட்கார்ந்து, "ஏனுங்க வாத்தியாரே, இதென்னங்க?" என்று கேட்டார்கள். நான், "செவத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற மெஷினும்மா. பக்கத்து வீட்டு ரஹ்மத்துல்லா குடுத்து வச்சது" என்றேன். பாதிச் சேலையோடு ஓடிவந்த ஏஞ்சலின் முதலில் அவர்கள் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள். தோளில் ஐஸ் வைத்தாள். பிறகு, "அப்பா பொய் சொல்றாரு ஆன்ட்டி. இது என்னோடது. இத எடுக்குற எடத்துல வச்சது என் தப்பு" என்றாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

"எம்புட்டுத் தூரம் அடிக்கும் கண்ணு?" என்று லூர்தம்மாள் கேட்டார்கள். நான் கழற்றியதை மறுபடி மாட்டி, இருவருக்கும் முகமூடி போட்டு, மற்ற எல்லோரையும் பின்னால் நிற்கச் சொல்லி, ஏஞ்சலின் காட்டிக் கொடுத்தாள். அரை மணி நேரம் அந்தம்மாள் பின்சுவரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வோர் உருண்டையும் எனக்கென்று விழுந்தது போலிருந்தது. மாப்பிள்ளை டோனி இரண்டு தட்டுக் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வாரனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தம்மாள் காரில் ஏறிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஏஞ்சலின் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று நானே போய்க் கேட்டேன். "சுட்டதுக்குக் கோவமில்லப்பா. கை தவறிருச்சு. என்னையப் பத்தி வெளிய சொல்லக் கூச்சப்பட்டு மறைச்சீங்களே, அதுதான்" என்றாள். வாத்தியாரான நான் மகளுக்கு முன்னால் பொய்யில் பிடிபட்டேன்.

ஆகையால் நீ உடனே கீரனூர் போய், என் சார்பில் மன்னிப்புக் கேள். பெண்ணுக்கு அந்த மைதானப் பைத்தியம் தெளிந்துவிட்டது, பழைய வேலைக்கே திரும்புகிறாள் என்று சொல்லிவிடு. இது ஏஞ்சலினுக்குத் தெரிய வேண்டாம். உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். பிள்ளைகளைத் தேவமாதா தன் சேலைத்தலைப்பில் வைத்துக் காக்கட்டும்.

உன் அண்ணன்,
ஞானதாஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் லூர்தம்மாளே போன் செய்தார்கள். நீ போக வேண்டாம். கோபமே இல்லையாம், தோப்பை ஒட்டிச் சும்மா கிடக்கும் நாலு ஏக்கரில் ஏஞ்சலினோடு சேர்ந்து அவர்களே மைதானம் போடுகிறார்களாம். மகிழ்ந்துபோய், கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்று கேட்டேன். அதை இருவரும் ஞாயிற்றுக்கிழமையே முகமூடிக்குள் பேசி முடித்துவிட்டார்களாம். ஏஞ்சலினுக்கு மாப்பிள்ளை வேண்டாமாம்; மாமியார் மட்டும் போதுமாம்.