கிடங்கை விட்டு வராத மாமா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். இதில் ‘நான்’ என்ற இடத்தில் மட்டும் சின்னச் சந்தேகம் வந்துவிட்டதால் இதை எழுதும்படி ஆயிற்று.

எங்கள் மருத்துவமனை வைஃபையை நீங்கள் சீராக்கிக் கொடுத்ததில் யாருக்கும் குறையில்லை. முன்பெல்லாம் நான் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கிலிருந்து இணைப்புப் பாலம் தாண்டிப் புதுக் கட்டடத்தில் கால் வைத்தாலே, கழுத்தில் தொங்கும் போன் அங்குள்ள நெட்வொர்க்கில் வேறு முகவரி வாங்கும், பேச்சு பாதியில் அறுந்துவிடும். “இனிமே எங்க போனாலும் பழைய முகவரிதான் மாமா. உங்களுக்கு வர்றதைக் கிடங்கே வாங்கி, நீங்க இருக்கிற இடத்துக்குத் தள்ளிவிட்டுடும்” என்றீர்கள். பேச்சு அறுவதில்லைதான். ஆனால் போன் முகவரியை வைத்து யார் எங்கே என்று காட்டும் செக்யூரிட்டி அறைத் திரையில், நான் எங்கே நின்றாலும் கிடங்கில்தான் இருக்கிறேன். முதலில் சிரித்தோம். அப்புறம் ஒருநாள் தலைமை நர்ஸ் புதுக் கட்டடத்தில் என்னைப் பார்த்து, “இப்பதானே கிடங்குல உங்ககிட்ட மருந்து வாங்கினேன், அதுக்குள்ள பாலத்தைத் தாண்டிட்டீங்களா?” என்றார். நான் அன்றைக்குக் கிடங்குப் பக்கமே போகவில்லை.

இன்று மதியம் கிடங்கில் ஒயர் கருகிப் புகை. எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டோம். செக்யூரிட்டிக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, நான் உள்ளே மாட்டிக்கொண்டதாக இரண்டு பேரை அனுப்பினார். “நான் இங்கதாம்பா நிக்கிறேன்” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், உள்ள ஆள் இருக்கு” என்றார். போனவர்கள் இருமிக்கொண்டே வந்து, “கூட்டிட்டு வந்துட்டோம். தண்ணி குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டார்” என்றார்கள். பஸ் கிடைத்து வீடு சேரச் சாயங்காலமாகிவிட்டது. உங்கள் அத்தை கதவைப் பாதி திறந்து, “அப்பவே வந்து சாப்பிட்டுட்டுப் படுத்தீங்களே, எந்த வழியா வெளிய போனீங்க?” என்றாள். படுக்கையறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். உள்ளிருந்து என்னுடைய இருமல் கேட்டது. கூடத்து சோபாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உடனே வந்து அந்தப் பழைய முகவரியைத் துண்டித்துவிடுங்கள். யாரைத் துண்டிக்கிறோம் என்று மட்டும் பார்த்துச் செய்யுங்கள்.

மகளும் பேத்தியும் நீங்களும் நோய்நொடியில்லாமல், இருக்கிற இடத்திலேயே இருந்து நீடூழி வாழ என் ஆசிகள்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, தூங்கி எழுந்து வந்தால் கூடத்தில் இந்தக் காகிதம் கிடக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான், எழுதியது நானில்லை. உங்கள் அத்தையைக் கேட்டேன். என்னைத் தவிர இங்கே யாரும் வரவில்லை என்கிறாள். வைஃபை பிரமாதமாக வேலை செய்கிறது. தயவுசெய்து எதையும் மாற்ற வேண்டாம்.