ஜப்பானைக் கண்டிக்கப் போய்

பெண் பார்க்கும் நிகழ்ச்சியில் பத்திரிகைக்காரனை உட்கார வைக்கவே கூடாது. வைத்தால், அவன் வாயில் கேசரி தீரவே கூடாது. அன்று என் தட்டு சீக்கிரம் காலியாகிவிட்டது.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குத் திருச்சுழிப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஜப்பானில் வேலை. என் தங்கை செல்விக்கு அவரைப் பிடித்துவிட்டது. (கதவோரம் மூன்று முறை எட்டிப் பார்த்தாள்.)

"அங்க போலீஸு, கோர்ட்டு எல்லாம் சுத்தம்" என்றார் மாப்பிள்ளை.

"வழக்குப் போடாமலே வாரக்கணக்குல உள்ள வைக்கிறாகளே? விசாரிக்கும்போது பக்கத்துல வக்கீலும் கிடையாதாமே?" என்றேன்.

"அவுக பண்பாடு வேற சார். இங்க உக்காந்து குத்தம் சொல்றது இளக்காரம்."

எனக்குச் சுருக்கென்றது. "ஜனங்களைச் சொல்லல, சட்டத்தைச் சொல்றேன். அந்த ஊரு வக்கீல்களே இதைத்தான் கேக்குறாக. மாட்டுனவன் பயம் எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான்."

அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பதில். என் நடுநிலையை நிரூபிக்க ஆசைப்பட்டேன்.

"நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுது? திருச்சுழிப் பக்கம் ஒரு ஊருல, ஆட்டைத் திருடலைன்னு ஒருத்தரைச் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னாக. கை நடுங்குச்சு. அவருதான் திருடன்னு தீர்ப்பு. அவருக்கு எப்பவுமே கை நடுங்குமாம்! மூணாம் நாள் ஆடு தானா வீட்டுக்கு வந்துருச்சு. தீர்ப்புச் சொன்ன மேதையை நான் ஒருதடவை பாக்கணும்."

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாத்துக்கங்க தம்பி."

செய்தியில் ஊர்ப் பெயரை இரண்டு முறை சரிபார்க்கும் நான், டீக்கடையில் கேட்ட கதைக்கு ஊர்ப் பெயரைக்கூட விசாரித்திருக்கவில்லை. உள்ளேயிருந்து செல்வி முறைத்தாள்.

அப்போது சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. "அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன், அந்த மனுசனுக்குக் காப்பி டம்ளரைப் பிடிச்சாலே ஆடும்னு. கேட்டாகளா இவுக? இப்பப் பொண்ணு வீட்டுல வந்து வாங்கிக் கட்டிக்கிறாக!" மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை.

எட்டு நாள் பதிலில்லை. செல்வியும் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் பெரியவரே என் அப்பாவுக்குப் போன் செய்தார். "அந்த ஆளு வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டேன். அது முடியாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வர? வெள்ளிக்கிழமை பூ வைக்க வாரோம். தம்பிக்கு அன்னைக்கு ஆபீஸ் உண்டுல்ல?"

உண்டு என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. லீவில் வந்திருக்கும்போது டிவியில் எந்த நாட்டுச் செய்தி ஓடினாலும், நான் வாயைத் திறக்கும் முன் மாப்பிள்ளை எழுந்து அணைத்துவிடுகிறார்.

"மச்சான் எந்த நாட்டுல ஆரம்பிச்சாலும் எங்கப்பாகிட்டதான் வந்து நிப்பாரு!"