எட்டிலேயே நின்ற பிட்

காதல் வந்தவர்களிடம் ஒலிப்பதிவு வேலையைக் கொடுக்கவே கூடாது. காதில் விழுவதை விட்டுவிட்டு, விழாததையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஸ்டுடியோ. ஒரு கணினி, ஒரு மைக், எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. (அம்மா அதற்கு 'தூங்குமூஞ்சி ரூம்' என்று பெயர் வைத்திருந்தார்.) ஜன்னலுக்கு வெளியே ஏற்காடு மலை. மாலையில் மேகம் மெல்ல இறங்கி மலையை மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், எனக்கு எந்த வேலையும் ஓடாது.

அப்போதுதான் திருச்செங்கோட்டிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை செந்தில், தன் அப்பாவின் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தவர்; பெண் பார்க்க வந்துவிட்டு அங்கேயே திரும்பிவிட்டார். எங்கள் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அவர் அப்பாவுக்குத்தான் மனசில்லை.

"பாட்டுப் பதியறதெல்லாம் ஒரு பொழப்புங்களா? பொண்ணு எந்நேரமும் கனாக் கண்டுட்டே இருக்குமாட்ட இருக்குதுங்களே" என்று என் அப்பாவிடமே கேட்டார். மகனுக்காக நிச்சயதார்த்தம் வரை இறங்கி வந்தார். ஆனால் ஒரு தடவைகூட என்னை மருமகள் என்று சொல்லவில்லை. 'சேலத்துப் பொண்ணு' என்பார், அவ்வளவுதான். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் மனத்தைக் கரைக்க, நானும் செந்திலும் சேர்ந்து பாடிய பாட்டு ஒன்றை நிச்சயத்தன்று மண்டபத்தில் போடுவதாகத் திட்டம். வரிகளும் மெட்டும் என்னுடையவை. (வரிகளைக் கேட்காதீர்கள். நிலா நான்கு இடங்களில் வரும்.) செந்தில் லாரி கேபினில் உட்கார்ந்து, தன் பகுதியைப் போனில் பாடி அனுப்பினார். அது பதினாறு பிட். என் குரலும் புல்லாங்குழலும் ஸ்டுடியோவில் பதிந்தவை, இருபத்துநாலு பிட்.

பிட் அளவு என்பது ஒலியை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறோம் என்ற கணக்கு. அது குறைந்தால் மெல்லிய ஓசைகளில் கரகரப்பு ஏறிவிடும். வெவ்வேறு அளவுகள் இருந்தாலும் பாட்டைக் கலக்கும் மென்பொருளே பார்த்துச் சேர்த்துக்கொள்ளும்; நான் சும்மா இருந்திருந்தாலே போதும். ஆனால், ஜாதகமே பொருந்திவிட்டது, பிட் பொருந்தாமல் போவதா என்று எனக்கு ஒரு வீம்பு. எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

ஹெட்போனில் அவர் குரல். 'நிலா' என்று தொடங்குவதற்கு முன் சின்னதாக ஒரு மூச்சு. ஜன்னல் பக்கம் திரும்பினேன். நானும் அந்தக் கேபினில் இருந்தேன். ஏதோ ஒரு நீளச் சாலை, இரண்டு பக்கமும் பெயர் தெரியாத வயல்கள், கண்ணாடியில் தூறல். மலைமேல் மேகம் இறங்கியதும் நான் இங்கே இல்லவே இல்லை. கை மட்டும் இங்கிருந்து பட்டியலில் எதையோ தட்டியது. தட்டியது எட்டு பிட்!

ஓட்டிக் கேட்டபோது லேசாகக் கரகரத்தது. அது அவர் கேபினில் பெய்த மழை என்று நினைத்து உருகிப்போனேன். (சொல்ல வெட்கமாக இருக்கிறது. கண்ணீரே வந்தது.)

மண்டபத்தில் முதல் பாதி தப்பித்தது. கடைசியில் குரலும் குழலும் மெல்லத் தேய வேண்டிய இடத்தில், ஆளுயர ஸ்பீக்கர்களிலிருந்து "சர்ர்ர்" என்று கிளம்பியது. சவுண்ட் சர்வீஸ்காரர் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். முன்வரிசையிலிருந்து மாமனார் எழுந்து நேராக என்னிடம் வந்தார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"ஏனம்மிணி, என்ன சத்தம் அது?"

"பிட்... பிட் தப்பாப் போச்சுங்க மாமா" என்று உளறினேன்.

அவர் முகம் மாறியது. "பிட்டா? எத்தனைல நிறுத்துனே?"

"எட்டுலீங்க."

"எத்தனை போயிருக்கோணும்?"

"இருபத்துநாலுங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா! எம் மருமவ பிட்டை எட்டுலயே நிறுத்திப்போட்டா. எட்டடியில தண்ணியா வரும்? புழுதிதான் பறக்கும்!"

மண்டபம் முழுக்க ரிக்காரர்கள்; அவர்களுக்குப் பிட் என்றால் பாறையைத் துளைக்கும் இரும்பு முனை. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. எனக்குச் சிரிப்பு காதில் விழவில்லை. 'எம் மருமவ' மட்டும்தான் விழுந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சோறு வேகாவிட்டால், "எட்டுல நிறுத்திட்டியா?" என்றுதான் கேட்பார்கள். பிறகு அந்தப் பாட்டை இருபத்துநாலிலேயே ஒழுங்காகக் கலந்து கொடுத்தேன். மாமனார் வாங்க மறுத்துவிட்டார். புழுதிப் பாட்டுதான் அவர் போனில் எனக்கான ரிங்டோன். ரிக் ஓடும் இடத்தில் போன் அடித்தால் எது மிஷின், எது மருமகள் என்று அவருக்கே தெரிவதில்லை. அதனால் நான் கூப்பிட்டால் எடுப்பதே கிடையாது.