காய்ச்சல் டாக்டர் வீட்டுக் காய்ச்சல்

பெருமதிப்பிற்குரிய ஹரிசாதன் மாமாவின் பாதங்களைத் தொட்டு, கல்கத்தாவிலிருந்து மருமான் சுபிமல் எழுதுவது. மாமிக்கு என் வணக்கம். புதுமணப்பெண் தும்பாவுக்கு என் ஆசி. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது முறை; எழுதிவிட்டேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "காய்ச்சலுக்கு வைத்தியம் பாக்கறவனே காய்ச்சல்னு சொல்லி என் பொண்ணு கல்யாணத்துக்கு வராம இருந்தா, நாளைக்குத் தையக்காரன் போட்டுக்கச் சட்டை இல்லைம்பான்" என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு என் மனைவி சுதேஷ்ணாகூடச் சிரித்தாள், காய்ச்சல் வந்தது அவளைப் பெற்ற அப்பாவுக்கு என்பதையே மறந்து. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தாராளமாகத் திட்டுங்கள்.

என் பிழைப்பு தங்களுக்குத் தெரியும். இதய டாக்டருக்கு இதயம் உண்டு, கண் டாக்டருக்குக் கண் உண்டு; தொற்றுநோய்க்காரனுக்கென்று ஓர் உறுப்புக் கிடையாது. கத்தியும் கிடையாது. எங்கே போனீர்கள், என்ன தின்றீர்கள், எதைத் தொட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. போலீஸ்காரன் இதைக் கேட்டால் ஜனங்கள் வக்கீலைக் கூப்பிடுகிறார்கள். நான் கேட்டால் மனைவியை வெளியே அனுப்பிவிட்டுப் பதில் சொல்கிறார்கள். விருந்துகளில் இன்னும் மோசம். இலையில் விழுந்த தயிரை நான் சற்று உற்றுப் பார்த்தால் போதும், பந்தி முழுக்கக் கையை எடுத்துவிடுகிறது. தும்பாவின் கல்யாணத்தில் தங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லாமல் போயிற்று.

சிலிகுரிக்கு ரயிலேற மூட்டை கட்டிய அன்று மாமனார் நிர்மலேந்து பாபுவுக்குக் காய்ச்சல் வந்தது. வறட்டு இருமல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. வழக்கமாகக் கொடுக்கும் மருந்துக்குக் காய்ச்சல் அசையவில்லை. செய்தி கேட்டு வந்த சொந்தக்காரர்களில் ஒருவர்கூட என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் வல்லாரைச் சாறு என்றார், இன்னொருவர் ஹோமியோபதிச் சர்க்கரை உருண்டையைப் பொட்டலம் பிரித்தார். மாமியார் கனகலதா, அக்டோபர் மாதத்திலேயே குரங்குக் குல்லாய் போடாததுதான் காரணம் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். எல்லோரும் கிளம்பிய பிறகு மனிதருக்கு மூச்சு வாங்கியது. படம் எடுத்தால் நுரையீரலில் வெள்ளையாக ஒரு திட்டு. என் வார்டிலேயே சேர்த்தேன். ஊரார் காய்ச்சலுக்கெல்லாம் பெயர் வைக்கிறவன், மாமா, சொந்த வீட்டுக் காய்ச்சலின் பெயர் தெரியாமல் நின்றேன். சுதேஷ்ணா என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். மாமியாரை வெளியே இருக்கச் சொன்னால், "கல்யாணமான நாள்லேர்ந்து நான்தான் இவர் கழுத்துல மப்ளர் சுத்தறேன். இப்ப நான் வெளியே போகணுமா?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, தினமும் மத்தியானம் எங்கே போறீங்க?"

"லைப்ரரிக்குப்பா."

"அந்த லைப்ரரி போன துர்கா பூஜையிலேர்ந்து பூட்டிக் கிடக்கு," என்றார் மாமியார்.

பக்கத்துக் கட்டில்காரர் இருமுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

"யாரு அவ?"

"எவ?"

"உங்க லைப்ரரி!"

"அப்பா, உயிர் போற விஷயம். சொல்லிடுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். "சொன்னாலும் போயிடும் போலிருக்கே," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பீரேன் வீட்டு மொட்டைமாடிக்கு... அங்க அறுபது பேர் இருக்காங்க."

"அறுபது பேரா!" மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"புறா."

மாமா, நான் சிரித்துவிட்டேன். பாவம்தான், அடக்க முடியவில்லை. மாமனாரின் அப்பா பந்தயப் புறா பறக்கவிட்டே மூன்று வீடுகளைத் தொலைத்தவர். அதனால் ஒரு பறவையையும் தொடுவதில்லை என்று கல்யாணத்தன்றே மாமியார் இவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நண்பர் பீரேன் பாபுவுக்கு முழங்கால் வலி வந்ததும், புறாக்கூண்டைக் கூட்டிப் பெருக்கும் வேலையை, மாமியார் மத்தியானம் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, இவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சில் போனால் இப்படி ஒரு காய்ச்சல் வரும். அதற்கு வேறு மாத்திரை. உடனே மாற்றினேன்.

மாமியார் பத்திரகாளி ஆவார் என்று பயந்தேன். அவரோ கட்டிலோரமாக நகர்ந்து, மாமனாரின் பாதத்தைப் போர்வைக்குமேல் பிடித்துக்கொண்டு, "புறாவோ பொம்பளையோ, மனுஷன் வீட்டுக்கு வந்தாப் போதும் சுபிமல்," என்றார். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. அது தொற்று அல்ல.

மாத்திரை வேலை செய்தது. காய்ச்சல் இறங்க இறங்க மாமியாரின் கோபம் ஏறியது. இப்போது வீட்டில் உடம்பு தேறுவதற்கான தேளி மீன் குழம்பு வேளாவேளைக்கு வருகிறது. தட்டு மேஜையில் விழும் சத்தத்தோடு சரி, பேச்சு இல்லை. "காய்ச்சலே தேவலை," என்கிறார் மாமனார் என்னிடம் ரகசியமாக. பீரேன் பாபுவையும் பரிசோதித்துவிட்டேன், நுரையீரல் சுத்தம். மாமனார் மறுபடியும் சத்தியம் செய்திருக்கிறார். இனி எங்கள் குடும்பத்தில் இறகு என்ற பேச்சே கிடையாது.

ஆகவே அடுத்த மாதம் நாங்கள் நால்வரும் சிலிகுரிக்கு வந்து மணமக்களைப் பார்க்கிறோம். யாருக்கும் எதுவும் தொற்றாது, பயம் வேண்டாம். தங்கள் சர்க்கரையும் மாமியின் மூட்டும் அடங்கியிருக்க வேண்டுகிறேன். கோபம் தீர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
சுபிமல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் ஒரு செய்தி. பீரேன் பாபுவை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று மாமியார் மதியமே கிளம்பினார். போகும்போது என்னிடம் முகக்கவசம் ஒன்று வாங்கிக்கொண்டார். சுகாதாரத்தில் இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போனேன். இன்னும் திரும்பவில்லை. எதிர்ச் சந்தில் பீரேன் பாபு வீட்டு மொட்டைமாடியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக் கைதட்டி, "இறங்காதீங்கடா! இன்னொரு சுத்து!" என்று கத்துவது அவர்தான். மாமனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கை தட்டினா அதுங்களுக்குப் புரியாதுடி, சீட்டி அடி!" என்று இங்கிருந்து கூவுகிறார். சிலிகுரிக்கு நாங்கள் இருவர் மட்டும் வருகிறோம்.