கொச்சிக்குப் போகும் சம்பந்தியம்மாவுக்குச் சில எச்சரிக்கைகள்

பாபநாசம்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

மன்னார்குடி சம்பந்தி ரெத்தினம் அம்மாள் அவர்களுக்கு அம்சம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் சம்பந்தி இளையபெருமாளும், ஆடுகளும் சுகம். ஆற்றில் தண்ணீர் வந்து நாற்றும் விட்டாகிவிட்டது. அங்கே உங்கள் சுகத்தையும், உங்கள் மூட்டுவலி என்ன சொல்கிறது என்பதையும் அறிய ஆவல். போனில் சொன்னால் நீங்கள் "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே டிவி பார்ப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். படித்தது அஞ்சாம் வகுப்பு என்றாலும் என் எழுத்து புரியாது என்று யாரும் சொன்னதில்லை.

முதலில் பிள்ளைகள் சேதி. நம் பேரன் இளம்பரிதி திருச்சி காலேஜில் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறான். முதல் பரிசு வாங்கிய பையனுக்குத் தலைப்பு முன்கூட்டியே தெரியுமாம், அதனால் இதுவும் முதல் பரிசுதான். என் மகள் வீட்டுச் சின்னக்குட்டி எல்.கே.ஜி.யில் அழாமல் தூங்கினதற்குக் கையில் ஸ்டார் குத்தியிருக்கிறார்கள். அழிந்துவிடும் என்று இன்னும் குளிக்கவில்லை. நம் பேத்தி இசைவாணி கொச்சியில் கப்பல் கட்டுகிற இடத்தில் இன்ஜினியர் என்பது உங்களுக்கே தெரியும், உங்கள் தெருவுக்கும் தெரியும். மூளை மன்னார்குடிப் பக்கத்து மூளை என்று நீங்கள் சொல்லி வருவதாகக் கேள்வி. சொல்லிக்கொள்ளுங்கள். அந்த மூக்கு யாருடையது என்று மட்டும் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்போது விஷயம். அவள் வேலை பார்த்த கப்பலை ஆவணி மாதம் தண்ணீரில் இறக்குகிறார்கள். பார்க்க வீட்டுக்கு ஒருவருக்குத்தான் பாஸ். என் மகன் செழியனுக்கும் உங்கள் மகளுக்கும் பள்ளிக்கூடத்தில் லீவு கிடையாது. "போன தடவை அப்பாயி வந்தாங்க, இந்தத் தடவை அம்மாயி வரட்டும்" என்று இசைவாணி சொல்லிவிட்டாள். நியாயம்தான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தங்கத்தால் தண்டவாளம் போட்டாலும் அந்த ஊருக்கு நான் இனிமேல் போவதாக இல்லை. ஆனாலும் நீங்கள் கடல் இருக்கிற பட்டணத்துக்கு முதல்முதலாகப் போகிறவர்கள், சித்திரையில் போய் வந்தவள் என்ற முறையில் நான் நாலு வார்த்தை சொல்லாமல் விட்டால் பாவம் எனக்குத்தான்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் ரோஸ் கலரில் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். பீட்ரூட் நறுக்கின சட்டியை அலம்பிக் கொடுக்கிறான் என்று நினைத்து நான் கீழே ஊற்றிவிட்டேன், மறுபடியும் அதே கொண்டுவந்தான், அதையும் ஊற்றினேன், மூன்றாம் தடவை இசைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாயி, அது மரப்பட்டை போட்டுக் கொதிக்க வச்ச தண்ணி, உடம்புக்கு நல்லது, குடிங்க" என்றாள். சோறு இருக்கிறதே, ஒவ்வொரு பருக்கையும் புளியங்கொட்டை பருமன், அதைச் சோறு என்று சொல்ல நமக்கு நாக்கு கூசும். நீங்கள் அரிசி கொண்டுபோய்விடுங்கள். உங்கள் மாவடுவும் கொண்டுபோங்கள், கடலில் உப்பு போதாவிட்டால் உதவும்.

கடற்கரையில் சீன வலை என்று ஒன்று காட்டுவார்கள். நம் ஊர் ஏற்றம்தான், தண்ணீர் மொள்ளுகிற சால் இருக்கிற இடத்தில் வலை, பின்னாடி பாரத்துக்குக் கல்லுக் கல்லாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். ஒரு கூட்டமே சேர்ந்து இழுத்தார்கள், வந்த மீன் ஒரு வீட்டுக் குழம்புக்குக் காணாது, அதைப் போட்டோ எடுக்கத்தான் அத்தனை ஜனம். ஊர் முழுக்கத் தண்ணீர், சம்பந்தி. ஒரு மதகு கிடையாது. "இவ்வளவு தண்ணியும் யாரு வயலுக்குப் போவுது?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன், அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். உலகத்திலேயே பெரிய தண்ணீர் மன்னார்குடிக் கோயில் தெப்பக்குளம்தான் என்று சொல்வீர்களே, அதை அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

படகு சவாரி ஒன்று உண்டு, அது நல்லது, பஸ் மாதிரி அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். போகிற வழியில் கப்பல் கட்டுகிற இடம் தண்ணீர்ப் பக்கமிருந்து தெரியும். நான் போனபோது நம் பிள்ளையின் கப்பல் தென்னைமர உயரத்துக்குப் பாதியில் நின்றது. "இது எம் பேத்தி கட்டுறதுங்க" என்று படகில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். அவர்களுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். கொஞ்சம் நிறுத்தப்பா என்றேன், படகுக்காரன் நிறுத்தவில்லை.

கடைசியாக முக்கியமான எச்சரிக்கை. அலையாத்திச் செடி நடுவதற்கு யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். உங்கள் முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கிறதே, அதே மரம்தான். வெளியூர்க்காரர்கள் சேற்றில் இறங்கி ஆளுக்கு ஒன்று நடுவது அங்கே ஒரு பொழுதுபோக்கு, அதற்குக் கூலி கிடையாது, நாம்தான் காசு கொடுக்க வேண்டும்! ஃபாஜில் என்று ஒரு தம்பி, கோயம்புத்தூரில் படித்தவன், தமிழ் பேசுவான், கூடை கூடையாக நாற்றைக் காட்டி, "அம்மா, ஒரு ஆளுக்கு ஒரு செடி, நான் வந்ததும் எங்க நடணும்னு காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனில் பேசப் போய்விட்டான், இசைவாணியும் காலில் செருப்பு அறுந்து கரையில் உட்கார்ந்துவிட்டாள். நீங்களே சொல்லுங்கள், நாற்றுக் கட்டு வெயிலில் காய்கிறது, ஆள் சும்மா நிற்கிறது, பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? நம் ஊரில் நடவு மிஷின் வந்ததிலிருந்து என் கை வேறு ஊறிக்கொண்டு கிடக்கிறது. டெல்லிப் புருஷன் பெண்டாட்டி, வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேர், ரிட்டயர் ஆன பேங்க்காரர் ஒருவர், எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "குனிஞ்சா நிமிரக் கூடாது, பின்னாடியே நகரணும்" என்று ஜாடை காட்டினேன். நானே பாட்டும் எடுத்துவிட்டேன், வெள்ளைக்காரப் பெண் குலவை போட்டது பாருங்கள், நம் ஊரில் பிறந்திருக்க வேண்டியவள்! சாணுக்கு ஒன்றாக, கோடு போட்ட மாதிரி நட்டு, அத்தனை கூடையையும் காலி செய்துவிட்டு நிமிர்ந்தால், ஃபாஜில் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"என்னம்மா பண்ணிட்டீங்க? மாசம் பூரா வர்ற ஆளுங்களுக்கு வச்சிருந்த செடிம்மா!"

"ஒரே முட்டா வேலை முடிஞ்சிதில்ல தம்பி, சந்தோஷப்படு. அறுவடை எப்ப?"

"அறுவடையா? இது மரம்மா, நெல்லு இல்ல! ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ஒரு ஆள் படுக்கிற தூரம் வேணும்!"

"அப்ப களையெடுக்கிறப்ப கலைச்சு நட்டுக்க."

அவன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு நட்ட கையாலேயே எல்லாவற்றையும் பிடுங்கினோம். பேங்க்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதெல்லாம் போகட்டும். திரும்பி வரும்போது ஆட்டோவில் இசைவாணி ஒரு வார்த்தை பேசவில்லை, சம்பந்தி. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். நாலு படித்தவர்கள் முன்னால் பிள்ளையின் மானத்தை வாங்கிவிட்டேன். இந்தத் தடவை உங்களைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியாதா? கப்பல் இறங்குகிற இடத்தில் பெரிய பெரிய ஆபீசர்கள் இருப்பார்கள். நீங்கள்தான் தேங்காய் உடைத்த மாதிரி பேசாமல், அமைதியாக நிற்பீர்கள். அவளுக்குப் பெருமையாக இருக்கும். போய் வாருங்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். சட்டம் போட்டு மாட்டியிருக்கிற படத்தில் அவள் இன்னும் பள்ளிக்கூட ரெட்டைச் சடையோடு இருக்கிறாள். கப்பலுக்கு முன்னால் அவளை நிறுத்தி, புதுசாக ஒரு போட்டோ எடுத்து, கழுவித் தபாலில் அனுப்புங்கள். போனில் அனுப்பினால் சுவரில் மாட்ட முடியாது. படத்தில் நீங்களும் நிற்கலாம், ஓரமாக.

பேரன் பேத்திகளுக்கு என் ஆசி. உங்கள் மூட்டுக்கு நொச்சித்தழை ஒத்தடம். உங்களுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
அம்சம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது இளம்பரிதி வந்தான். மேலே எழுதினதை எல்லாம் படித்ததாக வைத்துக்கொள்ளாதீர்கள். அவன் போனில் ஒரு படம் காட்டினான், சேற்றில் நான் குனிந்து நிற்கிறேன், பின்னால் வெள்ளைக்காரி குலவை போடுகிறாள். கரையில் இருந்து இசைவாணிதான் எடுத்தாளாம், ஆபீஸில் அவள் மேஜையில் அதைத்தான் ஒட்டி வைத்திருக்கிறாளாம். ஆட்டோவில் பேசாமல் வந்தது சிரிப்பை அடக்கிக்கொண்டாம்! அவனை அங்கேயே உட்காரவைத்து உங்கள் ரயிலிலேயே எனக்கும் டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். கீழ்ப் படுக்கை உங்களுக்கு. ரயில் திருச்சி தாண்டுகிற வரை இசைவாணியிடம் மூச்சு விடாதீர்கள், அதற்கப்புறம் திரும்பிப் போ என்று சொல்ல முடியாது. பாஸ் உங்களுடையது, நீங்கள் உள்ளே போங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. நான் அந்தப் படகில் ஏறி அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்க்கொண்டே இருப்பேன். கப்பல் இறங்கி நகர்ந்ததும் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டுங்கள். போட்டோவைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன். கப்பலுக்குப் பின்னால் படகில் கையாட்டுகிற கிழவியும் விழுகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மாவடு ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.