பிரித்து வைக்க மனம் வராதவர்

பிரித்து வைக்க மனம் வராதவர் என்றொரு இனம் உண்டு. கணினியில் பில் போடும் அலுவலகம் எதற்குள்ளாவது நுழைந்து பாருங்கள். ஏசிக் காற்று நேராக அடிக்காத மூலையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

மேசை நாற்காலி விற்கும் கம்பெனி ஒன்றில் அப்படி ஒருவர். அவரை 'கூட்டுக்குடும்பம்' என்றால்தான் அங்கே தெரியும். ஆர்டர் எடுப்பது, வரி போடுவது, லாரிக்குச் சீட்டு அடிப்பது எல்லாம் அவர் எழுதிய ஒரே புரோகிராமுக்குள் சப்ரூட்டீன்கள் என்ற சின்னச் சின்னப் பகுதிகளாகக் குடியிருந்தன. ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுக்கலாம், கேட்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதில்லை, எது எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அதில் அவருக்கு எவ்வளவு பெருமை!

அன்று மாலை ரயிலில் அவரும் மனைவியும் பேத்தியை முதல்முறையாகப் பார்க்கக் கிளம்ப வேண்டும். இதற்குமுன் இரண்டு தடவை டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. இரண்டு தடவையும் புரோகிராம்தான் காரணம். மத்தியானம் முதலாளி திடீரென்று இருபது சதவீதத் தள்ளுபடி அறிவித்தார்.

"சார், தள்ளுபடியைத் தனி புரொசீஜரா எழுதிடலாமே? கேட்கிறதைக் கொடுத்தா விடையைத் தரும். வேற எதையும் தொடாது," என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

"பத்து வரிம்மா! இதுக்குப் போய் தனிக்குடித்தனமா?"

உள்ளேயே செருகினார். சதவீதத்தைப் போட்டு வைக்க ஓர் இடம் வேண்டுமே? 'எண்ணிக்கை' என்று ஒன்று சும்மா கிடப்பதுபோல் தெரிந்தது. அதிலேயே போட்டார். அது சும்மா கிடக்கவில்லை. வாடிக்கையாளர் எத்தனை நாற்காலி கேட்டார் என்பது அதில்தான் இருந்தது.

கிடங்கிலிருந்து போன். "சார், பல் டாக்டர் கேட்டது ரெண்டு நாற்காலி. சீட்டுல இருபதுன்னு வருது. ஊர்ல எல்லாருக்கும் இன்னிக்கே பல்வலியா?"

"நீங்க கிளம்புங்க சார், நான் பிரிச்சு எழுதிடறேன்," என்றாள் அந்தப் பெண்.

"உனக்குத் தெரியாதும்மா. இதை இழுத்தா அது வரும்."

அடுத்து, ஸ்டேஷனிலிருந்து மனைவி. "வண்டி வந்தாச்சு. எங்க இருக்கீங்க?"

"பத்தே நிமிஷம்."

"அந்தப் பத்து நிமிஷத்தோடதான் இத்தனை வருஷமா குடித்தனம் பண்றேன். நான் ஏறிட்டேன்."

"பெட்டியை யார் தூக்கி வச்சது?"

"நான்தான்."

வண்டி போய்விட்டது. அவர் தவறைச் சரிசெய்தார். தனியாகப் பிரித்தா? நல்ல கேள்வி! 'எண்ணிக்கை-2' என்று இன்னொன்றை உள்ளேயே குடியேற்றினார்.

மறுநாள் மனைவி கூப்பிட்டாள். "குழந்தைக்கு உங்க மூக்கு. பேரும் வச்சாச்சு."

"என்னைக் கேட்காமலா?"

"நல்ல பேருதான்."

அவர் போனை வைத்துவிட்டு 'எண்ணிக்கை-2' பக்கம் திரும்பினார். பெயர் என்ன என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, கதவு சிக்கினால் எங்கே தட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிறதா? 'நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் ஓடாது' என்று அலுத்துக்கொள்ளும்போது உள்ளுக்குள் லேசாக இனிக்கிறதா?

அப்படியானால், உங்கள் பேத்திக்கும் இந்நேரம் யாரோ பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.